திரையே அளவுகோல்

1996-இல் வீட்டுக் கணினியில் முப்பரிமாண விளையாட்டுகள் ஓடிய திரையின் அளவு 640×480. மொத்தம் 3,07,200 பிக்சல்கள். இன்று 4கே என்று விற்கப்படும் மானிட்டரில் 82,94,400 பிக்சல்கள். இதை அதனால் வகுத்தால் மீதியில்லாமல் 27 வருகிறது. முப்பது ஆண்டுகளுக்குள் ஒரு விளையாட்டுப் பிரியரின் கண் முன்னே விரியும் பரப்பு 27 மடங்கு நுணுக்கமாகிவிட்டது. அந்தப் பரப்பு முழுவதையும் நொடிக்கு 60 முறை புதிதாக வரைய ஏறத்தாழ 50 கோடி பிக்சல்களுக்கு ஒவ்வொரு நொடியும் நிறம் கணக்கிட வேண்டும். கிராபிக்ஸ் கார்டு செய்யும் வேலை அதுதான்.

சென்னை ரிச்சி தெருவில் கணினி சேர்க்க வரும் இளைஞரும், நியூயார்க்கில் இருந்தபடி பாகங்களை வரவழைக்கும் இளைஞரும் ஒரே கேள்வியைத்தான் கேட்கிறார்கள்: "4கே-வில் விளையாட எந்தக் கார்டு வாங்கலாம்?" கையில் காசிருந்தால் உச்சியில் இருப்பதை வாங்கு என்பதே பெரும்பாலும் கிடைக்கும் பதில். ஒவ்வொரு தலைமுறையிலும் இதே பதில்தான் சொல்லப்பட்டு வந்திருக்கிறது. ஒவ்வொரு முறையும் அந்த உச்சி சில ஆண்டுகளில் நடுப்படியாகிப் போயிருக்கிறது. இந்தத் துறையின் வரலாற்றை நிதானமாகப் படித்தால் வேறொரு பதில் கிடைக்கும். கார்டு திரைக்காக வாங்கப்படுவது; திரை முடிவாகாமல் கார்டை முடிவு செய்யக் கூடாது. திரை முடிவான பிறகு, வேகத்துக்கும் முன்னால் பார்க்க வேண்டியது கார்டின் நினைவகம்.

தொடக்கத்திலிருந்தே பார்க்கலாம். ஐபிஎம் நிறுவனம் விஜிஏ காட்சித் தரத்தை 1987-இல் கொண்டுவந்தபோது, திரையில் விழும் ஒவ்வொரு புள்ளியையும் கணக்கிட்டது கணினியின் மையச் செயலிதான். முப்பரிமாணப் படம் வரைவதற்கென்றே தனிச் சில்லு வேண்டுமானால், ஜிம் கிளார்க் தொடங்கிய சிலிக்கான் கிராபிக்ஸ் நிறுவனத்தின் இயந்திரங்களைத் தேடிப் போக வேண்டும். ஆய்வுக்கூடங்களும் திரைப்பட நிறுவனங்களும் வாங்கிய அவை, சாதாரணக் குடும்பத்துக்கு எட்டாத விலையில் இருந்தன. அங்கே பணியாற்றிப் பழகிய ராஸ் ஸ்மித், ஸ்காட் செல்லர்ஸ், கேரி டாரோலி ஆகியோர் 1994-இல் 3டிஎஃப்எக்ஸ் நிறுவனத்தைத் தொடங்கினார்கள். 1996-இல் நினைவகச் சில்லுகளின் விலை வேகமாக இறங்கியது. அந்த இறக்கம்தான் அவர்களுடைய வூடூ கார்டை வீடுகளுக்குள் கொண்டுவந்தது.

வூடூவில் இருந்தது 4 எம்பி நினைவகம். அதில் பாதி, பொருள்களின் மேற்பரப்புப் படங்களுக்கு. மறுபாதியான 2 எம்பி, திரைக்குப் போகும் படத்துக்கு. 640×480 திரையில் ஒரு பிக்சலுக்கு 2 பைட். இப்போது தெரியும் படம், அடுத்து வரப்போகும் படம், எந்தப் பொருள் முன்னே எது பின்னே என்று சொல்லும் ஆழக் கணக்கு என மூன்று படிகளையும் சேர்த்தால் 18,43,200 பைட். இது 2 எம்பிக்குள் அடங்குகிறது. 800×600-க்குப் போனால் 28,80,000 பைட், அடங்காது. 1998-இல் வந்த வூடூ 2 திரைக்கென 4 எம்பி ஒதுக்கியது. 800×600 உள்ளே வந்தது. 1024×768-க்கு 47 லட்சம் பைட்டுக்கு மேல் வேண்டும் என்பதால் அது வெளியே நின்றது. அதற்கும் ஒரு வழி கண்டார்கள். இரண்டு வூடூ 2 கார்டுகளைச் செருகி, ஒற்றைப்படை வரிகளை ஒன்றும் இரட்டைப்படை வரிகளை மற்றொன்றும் வரையும்படி செய்தார்கள். பாதிப் பாதியாகப் பங்கிட்டதும் 1024×768 சாத்தியமானது.

அன்று கார்டு எந்தத் திரையை நிரப்பும் என்ற எல்லையை வகுத்தது நினைவகத்தின் கொள்ளளவு. வேகம் அந்த எல்லைக்குள்தான் விளையாடியது. எம்பி ஜிபியான பிறகும் இந்த விதி மாறவில்லை.

ஐடி சாஃப்ட்வேர் நிறுவனத்தின் குவேக் விளையாட்டு 1996-இல் வெளிவந்தது. செயலியை மட்டும் நம்பி ஓடும்போது பெரும்பாலோர் அதை 320×200 திரையில்தான் ஆடினார்கள். 1997 ஜனவரியில் அந்த நிறுவனத்தின் நிரலாளர் ஜான் கார்மக், கிராபிக்ஸ் கார்டு வழியே வரையும் குவேக்கின் ஓப்பன்ஜிஎல் வடிவத்தை வெளியிட்டார். அதே விளையாட்டு வூடூ கார்டில் வழுவழுப்பாக, நான்கு மடங்குக்கு மேல் பிக்சல்களோடு ஓடியதைக் கண்டவர்களுக்கு அந்தக் கார்டை வாங்குவதற்கு வேறு காரணம் தேவைப்படவில்லை. மென்பொருள் ஒரு புதிய கதவைத் திறக்கும். வன்பொருள் அதற்குள் நுழைய நுழைவுச்சீட்டாகும். இதுவும் அன்றே உருவான வழக்கம்தான்.

உச்சியில் இருந்த 3டிஎஃப்எக்ஸ் நான்கே ஆண்டுகளில் சரிந்தது. 1998 டிசம்பரில் எஸ்டிபி என்ற கார்டு தயாரிப்பு நிறுவனத்தை வாங்குவதாக அறிவித்து, தன் சில்லுகளைத் தானே கார்டாக்கி விற்கும் பாதையில் இறங்கியது. அதுவரை அதன் சில்லுகளை வாங்கிக் கார்டு செய்து கொடுத்த நிறுவனங்கள் போட்டியாளரிடம் போயின. அந்தப் போட்டியாளர் 1993-இல் ஜென்சன் ஹுவாங், கிறிஸ் மலசோவ்ஸ்கி, கர்டிஸ் பிரியம் ஆகியோர் தொடங்கிய என்விடியா. 1999-இல் வந்த அதன் ஜீஃபோர்ஸ் 256, வடிவங்களை இடம்பெயர்த்து ஒளியூட்டும் கணக்கையும் செயலியிடமிருந்து வாங்கித் தன் தோளில் ஏற்றுக்கொண்டது. 3டிஎஃப்எக்ஸ் நான்கு சில்லுகளை ஒரே கார்டில் அடுக்கி, தனி மின்வழங்கியும் வைத்து வூடூ 5 6000 என்ற பெரும் கார்டை உருவாக்கியது. அது கடைக்கே வரவில்லை. 2000 டிசம்பரில் அந்த நிறுவனத்தின் சொத்துகளை என்விடியா வாங்குவதாக ஒப்பந்தமானது. வூடூவுக்கென்றே உருவான கிளைடு மென்பொருள் இடைமுகமும் அநாதையானது. பெயரை நம்பி வாங்கியவர்களுக்குக் காலம் சொன்ன முதல் பாடம் இது. நிறுவனத்தின் மீது விசுவாசம் வைப்பதால் வாங்குபவருக்கு எதுவும் கிடைப்பதில்லை.

அடுத்த பத்தாண்டில் ஒரு பெரிய மாற்றம் சத்தமில்லாமல் நடந்தது. மேசையிலிருந்து குழாய் மானிட்டர்கள் போய் எல்சிடி வந்தது. குழாய் மானிட்டரில் கார்டு திணறினால் ரெசல்யூஷனைக் குறைத்துக்கொள்ளலாம். படம் பெரிதாகக் கெடாது. எல்சிடியில் பிக்சல்கள் கண்ணாடிக்குள் அச்சடித்ததுபோல் நிலையானவை. குறைத்து ஓட்டினால் ஒரு படப்புள்ளி ஒன்றரைத் திரைப்புள்ளியில் விழுந்து படம் மங்கும். அன்றிலிருந்து மானிட்டர் வாங்கும் நாளிலேயே கார்டின் சுமை நிர்ணயமாகிவிடுகிறது. ஆனால் மக்களின் கவனம் முழுக்கக் கார்டின் மீதே இருந்தது. மானிட்டரைக் கடைசியில் மிஞ்சிய காசுக்கு வாங்கினார்கள்.

திரை கார்டை மிஞ்சி ஓடிய காலமும் உண்டு. 2001-இலேயே ஐபிஎம் டி220 என்ற மானிட்டர் 3840×2400 பிக்சல்களோடு வந்தது. இன்றைய 4கே-வைவிட அதிகம். ஒரே கேபிளில் அனுப்பினால் அதில் படம் தடுமாறி அசையும். பல கேபிள்களைச் சேர்த்தே அதை ஓட்டினார்கள். மருத்துவப் படங்களையும் வரைபடங்களையும் பார்க்க அது உதவியது. அன்றைய எந்த விளையாட்டுக் கார்டாலும் அதன் பரப்பை வேகமாக நிரப்ப முடியவில்லை. கார்டு திரையை மிஞ்சிய காலமும் வந்தது. தொலைக்காட்சித் தொழிற்சாலைகளின் தயவால் 1920×1080 மலிந்து, ஏறத்தாழ ஒரு தலைமுறை முழுவதும் அதிலேயே தங்கியது. அந்த ஆண்டுகளில் உச்சக் கார்டு வாங்கியவர்கள் பலர், தங்கள் திரை காட்ட முடியாத வேகத்துக்குப் பணம் கொடுத்தார்கள். 2013-இல் மேசைக்கு வந்த முதல் 4கே மானிட்டர்களில் சில, 60 ஹெர்ட்ஸில் ஓடத் தம்மை இரண்டு பாதிகளாகவே கணினிக்குக் காட்டிக்கொண்டன.

2017-இல் ஜிடிஎக்ஸ் 1080 டிஐ வந்தபோது விலை 699 டாலர். நினைவகம் 11 ஜிபி. மின்சாரம் 250 வாட். 2022-இன் ஆர்டிஎக்ஸ் 4090-க்கு 1,599 டாலர், 24 ஜிபி, 450 வாட். 2025-இன் ஆர்டிஎக்ஸ் 5090-க்கு 1,999 டாலர், 32 ஜிபி, 575 வாட். இந்த எட்டு ஆண்டுகளில் 4கே மானிட்டரின் பிக்சல் எண்ணிக்கை ஒன்றுகூட ஏறவில்லை. ஏறியது விளையாட்டுகள் ஒரு பிக்சலுக்குக் கேட்கும் உழைப்பு. ஒளிக்கதிர் ஒவ்வொன்றும் எங்கே பட்டு எங்கே சிதறுகிறது என்று பின்தொடரும் ரே டிரேசிங் முறை, ஒரு பிக்சலின் கணக்கைப் பல மடங்காக்கிவிட்டது.

விலையேற்றத்துக்கு விளையாட்டு மட்டும் காரணமில்லை. 2020-இன் இறுதியிலிருந்து பெருந்தொற்றுக் காலத் தட்டுப்பாடும், எதீரியம் நாணயத்தைத் தோண்டக் கார்டுகளை மூட்டை மூட்டையாக வாங்கியவர்களும் சேர்ந்து சந்தையைக் காலி செய்தார்கள். 2022 செப்டம்பர் 15 அன்று எதீரியம் தன் முறையை மாற்றிக்கொண்டதும் அந்தக் கூட்டம் கலைந்தது. கலையாத கூட்டம் ஒன்று பின்னால் நின்றது: செயற்கை நுண்ணறிவுக்காகக் கார்டு தேடியவர்கள். 2012-இல் அலெக்ஸ் கிரிஷெவ்ஸ்கி, இலியா சட்ஸ்கேவர், ஜெஃப்ரி ஹிண்டன் ஆகிய மூவரின் அலெக்ஸ்நெட், படங்களை அடையாளம் காணும் போட்டியில் மற்றவர்களைத் தூரத்தில் விட்டுச் சென்றது. அதைப் பயிற்றுவித்தது 3 ஜிபி நினைவகம் கொண்ட இரண்டு ஜிடிஎக்ஸ் 580 கார்டுகள். கடையில் விளையாட்டுக்காக விற்கப்பட்ட கார்டுகள்தான் அவை. 2022 ஜனவரியில் முடிந்த நிதியாண்டில் என்விடியாவுக்கு விளையாட்டுப் பிரிவில் 12.5 பில்லியன் டாலர், தரவு மையப் பிரிவில் 10.6 பில்லியன் வருவாய். அடுத்த ஆண்டே கணக்கு தலைகீழானது: விளையாட்டில் 9 பில்லியன், தரவு மையத்தில் 15 பில்லியன். இடைவெளி அதன்பின் விரிந்துகொண்டே போகிறது.

இதில் ஒரு நியாயம் பேசப்பட வேண்டியிருக்கிறது. செயற்கை நுண்ணறிவு இன்று அமர்ந்திருக்கும் அடித்தளத்தை எழுப்பியதில், இருபது ஆண்டுகள் கைக்காசைச் சேர்த்துக் கார்டு வாங்கிய விளையாட்டுப் பிரியர்களுக்குப் பெரும் பங்குண்டு. இன்று அவர்கள் வரிசையில் பின்னால் நிற்கிறார்கள். அதிக நினைவகம் கொண்ட சில்லுகள் பெரிய விலை தரும் தரவு மையங்களை நோக்கிப் போகின்றன. விளையாட்டுக் கார்டுகளில் நினைவகம் கஞ்சத்தனமாக அளக்கப்படுவதை இந்தப் பின்னணியில்தான் பார்க்க வேண்டும்.

கஞ்சத்தனம் என்று சொல்லக் காரணம் உண்டு. 2014-இல் வந்த ஜிடிஎக்ஸ் 970-இன் பெட்டியில் 4 ஜிபி என்று இருந்தது. அதில் 3.5 ஜிபிதான் முழு வேகத்தில் இயங்கும், மிச்ச அரை ஜிபி மந்தமானது என்பது அடுத்த ஆண்டு வெளியே தெரிந்தது. வழக்கு நடந்து, 2016-இல் கார்டுக்கு 30 டாலர் கொடுத்து முடித்தார்கள். 2020-இல் வந்த ஆர்டிஎக்ஸ் 3070 இன்னும் நல்ல பாடம். முந்தைய தலைமுறையின் உச்சமான 2080 டிஐ-க்கு நிகரான வேகம், 499 டாலரில். ஆனால் 2080 டிஐ-யில் 11 ஜிபி. இதில் 8 ஜிபி. 2023-இல் தி லாஸ்ட் ஆஃப் அஸ் கணினிக்கு வந்தபோது 8 ஜிபி கார்டுகள் திக்கித் திணறின. பின்னால் வந்த திருத்தங்கள் நிலைமையைச் சற்றுச் சீராக்கினாலும், வேகம் கையில் இருந்தும் இடம் இல்லாததால் படத்தரத்தைக் குறைக்க வேண்டிய நிலை அந்தக் கார்டுகளுக்கு மீண்டும் மீண்டும் வந்தது. அதே 2020-இல் 579 டாலருக்கு வந்த, என்விடியாவின் போட்டியாளரான ஏஎம்டியின் ரேடியான் ஆர்எக்ஸ் 6800-இல் 16 ஜிபி இருந்தது. 80 டாலர் கூடுதல் கொடுத்தவர்களுக்கு இரு மடங்கு இடம் கிடைத்தது. வூடூவின் 2 எம்பிக் கணக்குதான் இங்கேயும் தன்னைக் காட்டுகிறது.

நினைவகம் மட்டும் இருந்தால் போதுமா என்றால், அதுவும் போதாது. 1080 டிஐ-யின் 11 ஜிபி அதற்கு நீண்ட ஆயுளைத் தந்தது. ஆனால் 2025-இல் ஐடி சாஃப்ட்வேர் வெளியிட்ட டூம்: தி டார்க் ஏஜஸ், ரே டிரேசிங் வசதி உள்ள கார்டை அடிப்படைத் தேவையாகவே வைத்தது. 2017-இன் 699 டாலர் உச்சக் கார்டு அந்தப் பட்டியலுக்கு வெளியே நிற்கிறது. 2019-இல் 399 டாலருக்கு வந்த நடுத்தர ஆர்டிஎக்ஸ் 2060 சூப்பர் உள்ளே இருக்கிறது. குவேக் மூலம் ஒரு தலைமுறைக்குக் கார்டு வாங்கக் காரணம் தந்த நிறுவனமே இன்னொரு தலைமுறைக் கார்டுகளுக்குக் கதவைச் சாத்தியிருக்கிறது. எதிர்காலத்துக்கு என்று சொல்லிப் பெரும் தொகையை இன்றே போடுவது ஏன் பயன் தராது என்பதற்கு இதைவிடத் தெளிவான சான்று தேவையில்லை. எதிர்காலம் எந்த வசதியைக் கேட்கும் என்று உச்ச விலைக்குத் தெரியாது.

அடுத்தது, உண்மைப் பிக்சல் எத்தனை என்ற கேள்வி. பரப்பு கார்டின் வலுவை மிஞ்சும்போதெல்லாம் இந்தத் துறை சாமர்த்தியத்தால்தான் தப்பித்திருக்கிறது. 1998-இல் வரிகளைப் பங்கிட்டார்கள். 2016-இல் பிளேஸ்டேஷன் 4 புரோ சதுரங்கக் கட்டம்போல் பாதிப் பிக்சல்களை வரைந்து மீதியை நிரப்பியது. 2018-இல் என்விடியா டிஎல்எஸ்எஸ் முறையை அறிமுகப்படுத்தியது. முதல் பதிப்பு மங்கலாக இருந்தாலும் 2020-இன் இரண்டாம் பதிப்பு மதிப்பைப் பெற்றது. 2021-இல் ஏஎம்டி தன் எஃப்எஸ்ஆர் முறையைக் கொண்டுவந்தது. 4கே திரையில் இவற்றின் தர நிலையைத் தேர்ந்தெடுத்தால் கார்டு உண்மையில் வரைவது 2560×1440. வேக நிலையைத் தேர்ந்தெடுத்தால் 1920×1080. அதாவது நான்கில் ஒரு பிக்சல். மற்றவை கணித்து நிரப்பப்படுபவை. இது நல்ல தொழில்நுட்பம். கண்ணுக்கு நிறைவாக இருந்தால் பயன்படுத்துவதில் தயக்கம் வேண்டாம். நடுத்தரக் கார்டையும் 4கே திரைக்குத் தகுதியாக்குவது இதுதான்.

ஆனால் இதை வைத்துச் செய்யப்படும் விளம்பரத்தை ஏற்க முடியாது. 2025 ஜனவரியில் என்விடியா மேடையில், 549 டாலர் ஆர்டிஎக்ஸ் 5070, 1,599 டாலர் 4090-இன் திறனைத் தரும் என்று அறிவிக்கப்பட்டது. வரைந்த ஒரு ஃபிரேமுக்கு மூன்று ஃபிரேம்களை இட்டுக்கட்டி நுழைக்கும் முறையையும் கணக்கில் சேர்த்தால்தான் அந்த எண் வரும். நுழைக்கப்பட்ட ஃபிரேம் அசைவை வழுவழுப்பாக்கும். விசையை அழுத்தியதற்கும் திரையில் நிகழ்வதற்கும் இடையேயான தாமதத்தைக் குறைக்காது. 5070-இன் நினைவகம் 12 ஜிபி, 4090-இன் நினைவகம் 24 ஜிபி. இந்த இரண்டையும் சமம் என்று சொல்வது வாங்குபவரின் அறியாமையை மூலதனமாக்குவது.

ஆகவே தேர்வு மானிட்டரிலிருந்து தொடங்கட்டும். கைநீளத் தொலைவில் அமரும் மேசையில் 27 அங்குல 1440 திரை ஓர் அங்குலத்துக்கு 109 பிக்சல் தருகிறது. 32 அங்குல 4கே 138 தருகிறது. வித்தியாசம் கண்ணுக்குத் தெரியும். ஆனால் 1440 திரையின் சுமை 4கே திரையின் சுமையில் 44 சதவீதமே. வேகமான போட்டி விளையாட்டுகளை ஆடுபவருக்கு 1440 திரையும் 12 ஜிபி கார்டும் நிறைவான தேர்வு. காட்சியழகுள்ள தனியாள் விளையாட்டுகளை ரசித்து ஆடுபவர் 4கே-வுக்குப் போகலாம். அவருக்கு 16 ஜிபி குறைந்தபட்சம். 2025-இல் 599 டாலருக்கு வந்த ஆர்எக்ஸ் 9070 எக்ஸ்டி, 749 டாலருக்கு வந்த ஆர்டிஎக்ஸ் 5070 டிஐ இரண்டிலும் அந்த 16 ஜிபி உண்டு. இந்தியாவில் 18 சதவீத ஜிஎஸ்டியும் இறக்குமதிச் செலவும் சேர்ந்து விலை ஏறும் என்பதால், உச்சக் கார்டுக்கும் இவற்றுக்கும் உள்ள இடைவெளி நம் கையை இன்னும் அதிகமாகக் கடிக்கும். 4கே-வில் பாரம் பெரும்பாலும் கார்டின் மீதே விழுவதால், மிக விலையுயர்ந்த செயலிக்குப் போடும் பணத்தை மானிட்டருக்குத் திருப்பலாம்.

மின்சாரத்தையும் வெப்பத்தையும் நம் ஊர்க்காரர்கள் கூடுதலாகவே எண்ண வேண்டும். கார்டு உண்ணும் மின்சாரம் முழுவதும் அறைக்குள் வெப்பமாகத்தான் வெளியேறுகிறது. 575 வாட் கார்டை மே மாதச் சென்னையில் மூடிய அறைக்குள் ஓட்டுவது, இஸ்திரிப் பெட்டியை மணிக்கணக்கில் சூடாகவே வைத்திருப்பதற்குச் சமம். ஏசியின் செலவும் கார்டின் விலையோடு சேரும். அந்தக் கார்டுக்கு 1,000 வாட் பவர் சப்ளை பரிந்துரைக்கப்படுகிறது. வீடுகளில் வழக்கமாக இருக்கும் 600 விஏ யுபிஎஸ் தாங்குவது சுமார் 360 வாட். மின்வெட்டு வரும் நொடியில் கணினி அப்படியே அணைந்துவிடும்.

வாங்குபவர்களின் குரல் எடுபடாது என்று நினைக்க வேண்டியதில்லை. 2022-இல் ஆர்டிஎக்ஸ் 4080 என்ற ஒரே பெயரில் 16 ஜிபி, 12 ஜிபி என இரண்டு கார்டுகள் அறிவிக்கப்பட்டன. வித்தியாசம் நினைவகத்தோடு நிற்கவில்லை. ஒன்றில் 9,728 கணக்கு அலகுகள், மற்றொன்றில் 7,680. இது ஏமாற்று என்று விளையாட்டுப் பிரியர்களும் விமர்சகர்களும் உரக்கச் சொன்னார்கள். அக்டோபர் 14 அன்று 12 ஜிபி கார்டை என்விடியா திரும்பப் பெற்றது. 899 டாலர் விலை சொல்லப்பட்ட அதே கார்டு, 2023 ஜனவரியில் ஆர்டிஎக்ஸ் 4070 டிஐ என்ற உண்மையான பெயரில் 799 டாலருக்கு வந்தது. கணக்குத் தெரிந்த வாங்குபவர்கள் மறுத்ததால் குறைந்த 100 டாலர் அது. பெட்டியின் மீது உண்மையில் வரையப்படும் பிக்சல் எத்தனை, இட்டுக்கட்டிய ஃபிரேம் எத்தனை என்பது அச்சிடப்பட வேண்டும் என்று அடுத்து கேட்போம். அதுவரை அந்தக் கணக்கை நாமே போட்டுப் பார்த்து, நம் மேசையில் இருக்கும் திரைக்குப் போதுமான கார்டை வாங்குவோம். அதற்கு மேலுள்ள விலைக்கு இல்லை என்று சொல்வோம்.